நாலு பேர் எழுதும் பக்கத்தில் உங்கள் மகனுக்கும் ஓர் இடம்

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது: “மகன் உயர்நிலை 1. டிஸ்லெக்ஸியா (வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடு) என்று தொடக்கநிலையிலேயே சொல்லிவிட்டார்கள். வாய் ஓயாமல் பேசுவான், எழுதச் சொன்னால்தான் தகராறு. இப்போது எல்லாப் பாடத்திலும் குழுவாகச் சேர்ந்து கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்கிறார்கள், தமிழிலும்தான். ‘நீ சும்மா இரு, நாங்களே எழுதிக்கிறோம்’ என்று கூட இருக்கும் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்களாம். எந்தச் செயலி வாங்கிக் கொடுத்தால் சரியாகும்? இன்னொன்று. என் அக்கா மகளுக்கு செரிப்ரல் பால்ஸி (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை), சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறாள். ஐபேடில் படத்தைத் தொட்டுத்தான் பேசுவாள். அவளைப் போன்ற பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து எழுத முடியுமா?”

முதல் வேலையாக, செயலி எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 16 ஆண்டுகளாகச் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களோடு வேலை செய்கிறேன். போன ஆண்டு ஓர் உயர்நிலை 1 தமிழ் வகுப்பில் ஒரு பையனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகனைப் போலத்தான், பேச்சில் கெட்டிக்காரன். நான்கு பேர் சேர்ந்து தேக்கா சந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். வகுப்பு தொடங்குமுன் அவன் என்னிடம் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினான். அங்கே மீன் விற்கும் அங்கிளுக்கு அவன் பாட்டியைத் தெரியுமாம். பாட்டி வாயைத் திறக்குமுன்னே மீன் தலையைத் தனியாக வெட்டி, குழம்புக்கு என்று வேறு பையில் போட்டுவிடுவாராம். இதைவிட நல்ல தொடக்கம் அந்தக் கட்டுரைக்கு வேண்டுமா என்ன?

எழுத ஆரம்பித்தார்கள். திரையில் நான்கு நிறத்தில் நான்கு கர்சர்கள். இவன் ‘தேக்கா சந்தைக்குள்’ வரைக்கும் வந்து, ‘நுழைந்ததும்’ என்பதற்கு ‘நு’வா ‘னு’வா என்று தடுமாறிக்கொண்டிருந்தான். அதற்குள் மேலே இருந்த பெண் இரண்டு முறை என்டர் தட்டினாள், இவன் வரி கீழே இறங்கித் திரையை விட்டே போய்விட்டது. தேடிப் பிடித்து ‘மீன் வாடை’ என்று எழுதினான். அடுத்த வார்த்தைக்கு விசையைத் தேடுவதற்குள் இன்னொருவன் அதை ‘மீன் வாசனை’ என்று திருத்திவிட்டான். பையன் கணினி மூடியைப் பாதி சாய்த்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தான். 25 நிமிடத்தில் ஏழு வார்த்தை. மீன்கார அங்கிள் கட்டுரைக்குள் வரவே இல்லை.

இதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, அவன் மெதுவாக எழுதுகிறான். மற்றது, நாலு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கும் பக்கம் அலை அடிக்கும் பக்கம். மெதுவாக எழுதுபவன் அந்த அலையில் நிற்க முடியாது. கடையில் விற்கும் செயலிகள் எல்லாம் முதல் சிக்கலுக்கானவை. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதும்போது அவை நன்றாகவே உதவும். குழுவில் அவனை மூழ்கடிப்பது இரண்டாவது சிக்கல். அதற்குத் தேவையான ஏற்பாடுகள் அந்தப் பக்கத்திலேயே காசில்லாமல் இருக்கின்றன, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் செய்யச் சொல்வது இதுதான். குழுவின் ஆவணம் ஒன்று இருக்கட்டும். உங்கள் மகனின் பகுதிக்குத் தனியாக இன்னோர் ஆவணம், அவன் பெயரில். மற்ற மூவருக்கும் அதைப் பகிரும்போது ‘திருத்துபவர்’ என்று வைக்காமல் ‘கருத்து சொல்பவர்’ என்று வையுங்கள். அப்படி வைத்தால் அவர்களால் அவன் எழுதியதை நேரடியாகத் தொட முடியாது. மாற்ற நினைப்பது பரிந்துரையாக வேறு நிறத்தில் நிற்கும், அவன் பார்த்து ‘சரி’ என்று டிக் அடித்தால்தான் மாறும். ‘வாடை’யா ‘வாசனை’யா என்பதை அவன் முடிவு செய்வான். (மீனுக்கு வாடைதான் சரி என்பது என் கட்சி.) முடிந்ததும் நகலெடுத்துக் குழு ஆவணத்தில் ஒட்டிவிடலாம். 2024 கடைசியில் டாக்ஸில் தாவல்கள் (டேப்) வந்துவிட்டன, ஒரே ஆவணத்துக்குள் ஆளுக்கு ஒன்று திறந்துகொள்ளலாம். வரி குதித்து ஓடும் தொல்லை அதில் தீரும். ஆனால் தாவலுக்குத் தாவல் தனி அனுமதி வைக்க முடியாது, அதனால் இவனைப் போன்ற பிள்ளைக்கு நான் தனி ஆவணத்தையே சொல்வேன்.

பாட்லெட் என்ற இணையப் பலகையைப் பயன்படுத்தும் ஆசிரியர் என்றால் இன்னும் சுலபம். அதில் ஆளுக்கு ஒரு பெட்டி, யாருடையதும் யாருடையதையும் தள்ளாது. எழுதுவதற்குப் பதிலாகக் குரலைப் பதிவு செய்தும் போடலாம். யோசனை சேர்க்கும் முதல் நாளுக்கு அது போதும்.

சரி, இப்போது கருவிகளுக்கு வருவோம். இவ்வளவு பேசுகிற பையனுக்கு முதல் கருவி அவன் வாய்தான்.

கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு 2015-ல் வந்தது, தமிழ் பின்னால் சேர்ந்தது. குரோம் உலாவியில் ஆவணத்தைத் திறந்து, கருவிகள் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, மைக்கை அழுத்திப் பேச வேண்டும். ஐபேடில் அந்த மெனு இருக்காது, விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத்தான் நம்ப வேண்டும். அதில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வகுப்பில் முப்பது பேர் சத்தத்துக்கு நடுவே எந்த மைக்கும் தடுமாறும். மைக் வைத்த ஹெட்செட் வேண்டும், அல்லது ஐந்து நிமிடம் வெளியே நடைபாதையில் நின்று பேச ஆசிரியர் விட வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபுல் ஸ்டாப்’ என்று சொன்னால் புள்ளி விழும். தமிழில் அந்தக் கட்டளைகள் வேலை செய்யாது, நிறுத்தக்குறியெல்லாம் பின்னால் கையால் போட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். அந்தப் பையனை அடுத்த வாரம் நடைபாதையில் நிறுத்திப் பேச வைத்தேன். திரையில் விழுந்தது கிட்டத்தட்ட இப்படி: “அந்த அங்கிள் எங்க பாட்டிய பாத்தாலே தலைய தனியா வெட்டி குடுத்துடுவாரு பாட்டி ஒண்ணும் சொல்லவே வேண்டாம்”. புள்ளி இல்லை, எழுத்து வழக்கும் இல்லை. அவன் பார்த்துவிட்டு, “சார், தப்பு தப்பா வருது” என்றான்.

தப்பு ஒன்றும் இல்லை. ஒரு தமிழ்ப் பிள்ளை மைக்கில் சொன்னால் அது அப்படித்தான் வரும், எத்தனை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தாலும். பேச்சை எழுத்தாக்குவது இன்னொரு வேலை. அந்த வேலையைத்தான் நான் குழுவிடம் கொடுத்தேன். அவன் ஆவணத்தில் ‘கருத்து சொல்பவர்’ என்று இருந்த பெண் ‘குடுத்துடுவாரு’ என்பதைக் ‘கொடுத்துவிடுவார்’ என்று பரிந்துரைத்தாள். ‘பாட்டிய பாத்தாலே’ என்பது ‘பாட்டியைப் பார்த்தவுடனேயே’ ஆனது. அவன் ஒவ்வொன்றாகப் படித்து டிக் அடித்தான். ஓர் இடத்தில் மறுத்தான். அவள் ‘அங்கிள்’ என்பதை ‘மீன் வியாபாரி’ என்று மாற்றியிருந்தாள். “எங்க பாட்டி அவர அப்படிக் கூப்பிட மாட்டாங்க” என்றான். கடைசியில் ‘மீன்காரர்’ என்று ஒத்துக்கொண்டார்கள். சேர்ந்து எழுதுவது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். நால்வரும் தனித்தனியாக நாலு பத்தி எழுதி ஒட்டிக் கொடுப்பதை ஏன் அந்தப் பெயரால் அழைக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுதியதைக் காதால் கேட்பது அடுத்த கருவி. மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் ஒன்நோட்டிலும் ‘இம்மர்சிவ் ரீடர்’ இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி கூட்டி, படிக்கும் வார்த்தையைத் தனியாக நிறம் காட்டி, உரக்கப் படித்துக் காட்டும். டாக்ஸில் எழுதியதை நகலெடுத்து வேர்டில் ஒட்டிக் கேட்கலாம். சிங்கப்பூர்த் தமிழுக்கென்றே மைக்ரோசாஃப்டில் இரண்டு குரல்கள் உண்டு, பெயர் வெண்பா, அன்பு. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர். விட்டுப்போன வார்த்தை, இரண்டு முறை வந்த வார்த்தை, முடியாத வாக்கியம் எல்லாம் கேட்கும்போது உடனே பிடிபடும். ஆனால் ல, ள, ழ பிழையையும் ன, ண பிழையையும் காது பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் பிள்ளைகள் வீட்டில் ‘பழம்’ என்பதையும் ‘பளம்’ என்றே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பிழைகளைக் குழுவில் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும், அதை ஒரு பொறுப்பாகவே கொடுத்துவிடலாம்.

தட்டச்சு முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இங்கே பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை: காதில் விழும் ஒலியை ஆங்கில எழுத்தாக்க வேண்டும், அந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்தாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். ‘ள’வுக்குப் பெரிய எல், ‘ழ’வுக்கு இசட் என்று தனி நினைவு வேறு. தமிழ்99 விசைப்பலகையில் ஒரு விசைக்கு ஒரு தமிழ் எழுத்து. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும், நடுவில் புள்ளி தானே விழும். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு ஆங்கில ஸ்பெல்லிங் பயம் தமிழ் வகுப்புக்குள் வராது. விண்டோஸ், குரோம்புக், ஐபேட் மூன்றிலும் கூடவே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். கணினித் தமிழுக்கு இந்த ஊர் அந்நிய ஊர் இல்லை. தமிழிணைய மாநாடு 1997-ல் முதலில் நடந்தது சிங்கப்பூரில்தான். தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமி அந்தக் காலத்திலேயே இதற்காக உழைத்தவர். அப்படிப்பட்ட ஊரில் நம் பிள்ளைகள் இன்னும் ஆங்கில எழுத்தைத் தட்டி ‘அம்மா’ என்று எழுதுகிறார்கள்.

அடுத்த வார்த்தையை ஊகித்துக் காட்டும் மென்பொருள் ஆங்கிலத்துக்கு நன்றாக உதவும். அறிவியல், வரலாறு மாதிரிப் பாடங்களில் உங்கள் மகனுக்கு அது கைகொடுக்கும். தமிழில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ‘சந்தை’ என்று ஊகித்துவிடும், ‘சந்தைக்குள்ளிருந்து’ என்று வேண்டும்போது கைவிட்டுவிடும். அதற்குப் பதிலாக ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே அந்தப் பாடத்துக்கு வேண்டிய 15 வார்த்தைகளைக் குழுவே எழுதி வைக்கட்டும்: நுழைந்ததும், வாடை, பேரம், கறிவேப்பிலை, சில்லறை. அவன் அங்கிருந்து நகலெடுப்பான். டிஸ்லெக்ஸியாவுக்கென்றே விற்கும் எழுத்துருக்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியை 1.5 வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு கண் வையுங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்க்க ஆசிரியர்கள் டாக்ஸின் பதிப்பு வரலாற்றைத் திறப்பார்கள். அதில் ஒவ்வொருவர் தட்டியதும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். உங்கள் மகன் தன் ஆவணத்தில் எழுதியதை வேறொருவர் குழு ஆவணத்தில் ஒட்டினால், ஒட்டியவரின் நிறத்தில்தான் விழும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் குழுவில் பாதி யோசனை அவனுடையது, வரலாற்றில் அவன் நிறம் இரண்டே வரி. பங்களிப்புக்கு மதிப்பெண் போய்விட்டது, அம்மா பள்ளிக்கு அலைந்து அதைத் திரும்ப வாங்க ஒரு மாதம் ஆயிற்று. அதனால் அவனே தன் கையால் ஒட்டட்டும், அவன் தனி ஆவணத்தின் இணைப்பையும் ஆசிரியரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பள்ளி ஏற்பாடுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 முதல் உயர்நிலை மாணவர் எல்லாரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது, ஆனால் அது முழுக்க நம் கையில் இல்லை. பள்ளி நேரத்தில் சாதன நிர்வாகச் செயலிதான் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும். பள்ளி தரும் ‘ஸ்டூடன்ட் ஐகான்’ கணக்கில் குரோம் நீட்சிகளை (உலாவியோடு சேர்க்கும் கூடுதல் செயலிகளை) நினைத்தபடி சேர்க்க முடியாமல் போகலாம். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த செயலி வகுப்பில் திறக்காது, பிள்ளை நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டு நிற்பான். இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பள்ளியில் இருக்கும் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியிடம் பேசுங்கள். தேர்வு தனிக் கதை. வகுப்பில் பயன்படுத்துவதெல்லாம் தேர்வறைக்குள் தானாக வந்துவிடாது. கூடுதல் நேரம் மாதிரியான சிறப்பு ஏற்பாடுகளுக்குச் சான்றுகளோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லி எழுதி வாங்கலாமே என்று அவனே கேட்பான். அது எழுதிக் கொடுத்தால் மீன்கார அங்கிள் மறுபடியும் கட்டுரைக்கு வெளியேதான் நிற்பார். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது உங்கள் அக்கா மகள். முடியும், தாராளமாக.

அவள் படம் தொட்டுப் பேசும் செயலி எது என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கே பலரும் பயன்படுத்துவது ப்ரோலோக்வோ2கோ. சென்னையில் உருவான அவாஸ் என்ற செயலியில் தமிழும் உண்டு. பாட்டி தாத்தாவோடு தமிழில் பேசும் வீடு என்றால் அதைப் பார்க்கலாம். எதுவானாலும் அவள் தொட்டுக் கோத்த வார்த்தைகள் மேலே ஒரு பட்டையில் எழுத்தாக வரும். அதை நகலெடுத்துப் பகிர்ந்த பக்கத்தில் ஒட்டினால், அவளும் எழுதிவிட்டாள். விரலால் தொடுவது சிரமம் என்றால் ஐபேடிலேயே ஸ்விட்ச் வசதி உண்டு, வெளியே இணைத்த ஒரு பொத்தானை அழுத்தியே இயக்கலாம். 2024-ல் வந்த ஐபேட் ஓஎஸ் 18 முதல், புதிய ஐபேடுகளில் கண் அசைவால் இயக்கும் வசதியும் கூடவே வருகிறது. படங்களோடு எழுத்துப் பலகையும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும், இன்னும் படிக்கத் தெரியாவிட்டாலும். தட்டிப் பார்க்காமல் எழுத்து வராது.

அவளுக்கு வேண்டியது நேரம். மூன்று வார்த்தை கோக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதும் வேலை அவளுக்கு ஒத்துவராது. இன்றைக்கு அவள் மூன்று வார்த்தை போடட்டும், நாளைக்கு மற்றவர்கள் பார்க்கட்டும். இணையத்தில் எழுதுவதன் பெரிய வசதியே அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சிறுமியோடு வேலை செய்தேன். அவள் போட்டது: பாட்டி, ரயில், தூக்கம். சேர்ந்து எழுதிய பிள்ளைகள் ஆசையாக, ‘பாட்டி எம்ஆர்டியில் தூங்கிவிட்டார்’ என்று வாக்கியம் ஆக்கினார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. அவள் ‘இல்லை’யை அழுத்தினாள். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை, மறுபடி அழுத்தினாள். நாலைந்து கேள்விக்குப் பிறகுதான் விளங்கியது, தூங்கியது இவள். பாட்டி மடியில் தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு விதி வைத்தேன். அவள் வார்த்தைகளை யார் வாக்கியமாக்கினாலும் பரிந்துரையாகத்தான் போட வேண்டும், செயலி அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அவள் ‘ஆமாம்’ அழுத்தினால்தான் பக்கத்தில் நிற்கும். வீட்டிலும் இதைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். அன்பு மிகுதியில் பெரியவர்கள்தான் அதிகம் திரித்துவிடுகிறோம்.

சாதனம் வாங்குவதானால் முதலில் ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் இருக்கும், உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே டெக் ஏபல் என்ற இடத்தில் சாதனங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதி இருந்தால், விலையில் 90 விழுக்காடு வரை தரும். ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் சாதனத்தைப் பரிந்துரைக்கவும் வேண்டும். அதனால் கடையில் காசைக் கொடுத்துவிட்டு ரசீதோடு போய் நிற்காமல், வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

உங்கள் மகனுக்குத் திங்கட்கிழமை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். குழு வேலையின் தலைப்பை இரண்டு நாள் முன்னால் அவனுக்குத் தர முடியுமா, அவன் பகுதிக்குத் தனி ஆவணம் வைத்துக்கொள்ளலாமா, ஹெட்செட்டோடு ஐந்து நிமிடம் வெளியே நின்று பேச விடுவீர்களா. மூன்றே கேள்வி, மரியாதையாக. அக்காவிடம் சொல்லுங்கள், லெங்கோக் பாரு போகும் அன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும், ஐபேடை முழுக்கச் சார்ஜ் போட்டு.